பிறவியா பிறகா என்று கேட்ட ஊர்

கருவேலங்குளம் ஜங்ஷனில் அடிபட்ட காசுகள் பேசத் தொடங்கியது ஐப்பசி மாதத்து மூன்றாம் ஞாயிற்றுக்கிழமை, காலை பதினொன்றே கால் மணிக்கு, கோமதி மெஸ்ஸின் மாடியில். அப்போது அங்கே இருந்த பதினொரு பேரில் நானும் ஒருத்தி என்பதாலும், மற்ற பத்துப் பேரும் இந்தக் கதையை ஆளுக்கொரு மாதிரி தப்புத்தப்பாகச் சொல்லிக்கொண்டு திரிவதாலும், நடந்ததை நடந்தபடி எழுதிவைக்கும் பொறுப்பு என் தலையில் விழுகிறது. என் பெயர் உலகம்மை. எம்.எஸ்சி. இயற்பியல் இரண்டாம் ஆண்டு. அச்சுப்பிழை நாணயச் சங்கத்தின் ஒரே பெண் உறுப்பினர்.

எங்கள் சங்கத்துக்கு வேலை ஒன்றே ஒன்று. நாணயச் சாலையில் அச்சடிக்கும்போதே கோணலாய்ப் பிறந்த காசு எது, நேராய்ப் பிறந்து வெளியே வந்தபின் யாரோ அடித்து நெளித்துக் கோணலாக்கிய காசு எது என்று பிரித்துச் சொல்வது. முன்னதைப் ‘பிறவி’ என்போம், வெல்வெட் பெட்டியில் படுக்கவைத்து மூச்சுக்கூடப் படாமல் பார்ப்போம். பின்னதைப் ‘பிறகு’ என்போம், மெஸ் வாசலில் இருக்கும் கோயில் உண்டியலில் போட்டுவிடுவோம். யாராவது ஒரு காசைக் கொண்டுவந்தால் அது வலப்பக்கமாகக் கைமாறிக் கைமாறிச் சுற்றிவரும், ஆளுக்கு ஒரே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், பதினொரு வார்த்தையும் ஒன்றாகும்வரை யாருக்கும் டீ கிடையாது. மெஸ்காரர் சங்கரபாண்டி அண்ணாச்சி கெட்டிலோடு மாடிப்படியில் நிற்பார். நான் சேர்ந்த பிறகு அவருக்கு மூட்டுவலி வந்ததாக ஒரு பேச்சு உண்டு. அது அவதூறு.

சங்கத்தின் பரிசோதகர் அருணகிரி சார். ரயில்வேயில் சிக்னல் பார்க்கிறவர், வயது முப்பத்தாறு, விசில் கயிற்றில் பூதக்கண்ணாடியைக் கோத்துக் கழுத்தில் போட்டிருப்பார், அதிகம் பேசமாட்டார். “அச்சுல நேர்ந்ததுன்னா உலோகம் ஓடிவந்து நிக்கும், பிறகு நேர்ந்ததுன்னா கிழிஞ்சு நிக்கும்” என்பதைத் தவிர அவர் வாயிலிருந்து நீளமான வாக்கியம் எதையும் நான் கேட்டதில்லை.

அன்றைக்கு வந்தது ஓரத்தில் பிறைபோலக் கடிபட்ட ஒரு பழைய ஐந்து ரூபாய்க் காசு. பத்துப் பேரும் “பிறவி” என்றார்கள். நான் “பிறகு” என்றேன். தகட்டை வெட்டும்போதே ஓரம் போயிருந்தால், விளிம்பு திரட்டும் இயந்திரத்தில் அந்தத் தகட்டுக்குச் சரியான பிடிமானம் கிடைத்திருக்காது, ஆகவே கடிபட்ட இடத்துக்கு நேர் எதிரே விளிம்பு மங்கியிருக்க வேண்டும், இதிலோ எதிர் விளிம்பு மாப்பிள்ளை மீசை மாதிரி முறுக்கிக்கொண்டு நிற்கிறது என்றேன்.

“எல்லாக் காசிலயும் அப்படி இருக்காது” என்றார் அருணகிரி சார்.

“எல்லாக் காசிலயும் இருக்காதுங்கிறது ஒரு வாதமா சார்?”

நாற்பது நிமிடம் போயிற்று. படியில் நின்ற சங்கரபாண்டி அண்ணாச்சி பொறுமையிழந்து, “ஏம்மா, அது பிறவியா பிறகான்னு அந்தக் காசையே கேட்டுத் தொலைங்களேன்” என்றார்.

“பிறகு” என்றது காசு.

மெல்லிய, மூக்கடைத்த, மனக்குறை உள்ள குரல். “பேட்டை லேத் பட்டறை. போன சித்திரை. பைப்பு அறுக்கிற பிளேடால அறுத்தான். ரெண்டு நாள் வலிச்சுது” என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டது. கருத்து வேறுபாடு தீர்ந்துவிட்டதால் அண்ணாச்சி டீயை ஊற்றினார். எல்லோரும் குடித்தார்கள். காசு பேசியதில் எனக்கு ஆச்சரியமில்லை. நான் சொன்னது சரி என்று பத்துப் பேரில் ஒருவர்கூட ஒப்புக்கொள்ளவில்லை, அதுதான் இன்றுவரை ஆறவில்லை.

மாலைக்குள் சங்கத்தின் பெட்டிகள் எல்லாவற்றையும் திறந்து கேட்டுப் பார்த்தோம், விதி விளங்கியது. ‘பிறவியா பிறகா’ என்று காதுபடக் கேட்டால், அடிபட்டது தன்னை யார், எப்போது, எதனால் அடித்தார்கள் என்று சொல்லிவிடும். பிழையோடு பிறந்தது ஒன்றும் சொல்லாது, ஏனென்றால் அதற்குச் சொல்ல ஒன்றுமில்லை, யாரும் அதை எதுவும் செய்யவில்லை. தண்டவாளத்தில் வைத்து நசுக்கிய காசுகள் வண்டி எண்ணோடு சொல்லின. அமிலத்தில் போட்டு மெலியவைத்த காசுகள் இருமிக்கொண்டே சொல்லின. இரண்டு காசைச் சேர்த்து இடுக்கியில் நெரித்து, தலைகீழ் அச்சு என்று விற்கப்பட்ட ஒன்று, கூட நெரிபட்ட காசு இப்போது எங்கே இருக்கிறது, நல்லாயிருக்கிறதா என்று விசாரித்தது.

அடுத்த வாரத்துக்குள் ஊர் இதற்குப் பழகிவிட்டது. பழகியதோடு நிற்காமல் கண்டதையும் கேட்கத் தொடங்கியது, ஏனென்றால் காசு மட்டுமல்ல, அடிபட்ட எதுவும் பதில் சொன்னது. பாத்திரக்கடைக்காரர் பழைய குடங்களை வாங்குமுன் கேட்டார், குடங்கள் குடும்பச் சண்டைகளைத் தேதிவாரியாக ஒப்பித்தன, கேட்பதற்கென்றே கடைவாசலில் பெஞ்சு போடப்பட்டது. நாலாம் நம்பர் டவுன் பஸ்ஸைப் பார்த்து யாரோ விளையாட்டாகக் கேட்டுவைக்க, அது மார்க்கெட்டில் ஆரம்பித்து ரயில்வே கேட் வரைக்கும் சொல்லிக்கொண்டே போனது, இறங்க வேண்டியவர்கள் பாதியில் இறங்க மனமில்லாமல் டெப்போவரை போனார்கள். சிவன் கோயிலில் மூக்குடைந்த துவாரபாலகருக்குக் கீழே ‘அந்நியர் படையெடுப்பில் சிதைந்தது’ என்று ஒரு பலகை ஐம்பது வருடமாகத் தொங்குகிறது. கேட்டபோது துவாரபாலகர், “வெள்ளையடிக்க வந்தவன் ஏணிய என்மேல சாச்சான், தர்மகர்த்தா பார்த்துக்கிட்டுத்தான் நின்னாரு” என்றார். பலகையைக் கழற்றவில்லை. பதிலாக, கோயிலுக்குள் அந்தக் கேள்வியைக் கேட்கக்கூடாது என்று இன்னொரு பலகையை மாட்டினார்கள். இதுதான் எங்கள் ஊர்.

தழும்புகளும் பேசும் என்று தெரிந்தபோது கல்யாணத் தரகர்களுக்குத்தான் கொண்டாட்டம். இங்கேதான் எனக்கு உடம்பெல்லாம் எரிய ஆரம்பித்தது.

எங்கள் வீட்டில் தமயந்தி அத்தை இருக்கிறாள். அப்பாவின் தங்கை, வயது முப்பத்திமூன்று, தாலுகா ஆபீஸ் பக்கத்தில் ஒரு இ-சேவை மையத்தில் வேலை. அத்தைக்குப் பிறந்ததிலிருந்தே வாய் இடப்பக்கம் கொஞ்சம் மேலே ஏறியிருக்கும். ஒரு நூல்தான். ஆனால் அந்த ஒரு நூலால் அவள் எப்போதும் சிரிக்கப்போகிறவள் மாதிரியே இருப்பாள். சாவு விழுந்த துஷ்டி வீட்டுக்குப் போனால் அவளைக் கடைசி வரிசையில் உட்காரவைப்பார்கள். போட்டோ எடுப்பவர்கள் “சிரிக்காதீங்கம்மா” என்று ஏழெட்டுத் தடவை சொல்லிவிட்டுக் கேமராவைப் பழிப்பார்கள். சாதிச் சான்றிதழுக்கு மூன்றாவது நாளாக வந்து நிற்கிறவரிடம் “இன்னைக்கும் சர்வர் வேலை செய்யலை” என்று அத்தை அந்த முகத்தோடு சொல்லும்போது மையத்தில் நாற்காலி பறந்திருக்கிறது.

இதுவரை ஒன்பது வரன்கள் வந்து, “பிறவியா, பிறகா?” என்று கேட்டுப் போய்விட்டன. பிறவி என்றால் பிள்ளைகளுக்கும் வருமாம். நீங்களே சொல்லுங்கள். கோணலாய்ப் பிறந்த காசுக்கு வெல்வெட் பெட்டி, கோணலாய்ப் பிறந்த பெண்ணுக்கு வாசல்படி. அடிபட்டுக் கோணிய காசுக்கு உண்டியல், அடிபட்டுக் கோணிய பெண்ணுக்கு “அதனால என்ன, பரவாயில்லை”. ஒரே ஊர், ஒரே கேள்வி. இதை நான் சங்கத்தில் ஒரு ஞாயிறு முழுக்கப் பேசினேன். மற்றவர்கள் கெட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அருணகிரி சார் மட்டும் பூதக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார், காது சிவந்திருந்தது.

காரணம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அவர் ஆதார் அட்டையில் முகவரி திருத்த அத்தையின் மையத்துக்குப் போனவர். அவள் தன்னைப் பார்த்துச் சிரித்தாள் என்று நினைத்து மறுவாரம் போய்க் கதவு எண்ணைத் திருத்தினார். அவள் எல்லோரையும் பார்த்து அப்படித்தான் சிரிக்கிறாள் என்று மூன்றாம் வாரம் புரிந்துகொண்டார். புரிந்துகொண்ட பிறகும் இரண்டு முறை போனார். இப்போது அரசாங்கக் கணக்கில் அவர் குடியிருப்பது ரயில்வே தண்ணீர்த் தொட்டிக்குள். அத்தைக்கும் தெரியும். கடைசித் திருத்தத்தை அவள்தான் வேண்டுமென்றே தப்பாக அடித்தாள், மறுபடி வரட்டும் என்று.

ஆக, அருணகிரி சார் வீட்டிலிருந்து தரகர் வந்தபோது அத்தை முதல் முறையாக ஒரு வரனுக்காகப் பயந்தாள். அப்பாவுக்கு அவளைவிடப் பயம். அப்பா பெயர் சிதம்பரநாதன், மிக்சர் கடை, நல்ல மனிதர், பொய் சொல்லத் தெரியாதவர், அதனால் சொல்லும்போது நிறையச் சொல்லிவிடுவார். “பிறகுதான், பிறகுதான். மூணாங் கிளாஸ் படிக்கும்போது சைக்கிள்ல இருந்து விழுந்தா, அதுல வாய் இழுத்துக்கிட்டுது, ஆனித் திருவிழா அன்னைக்கு, நல்ல வெயிலு” என்று தரகரிடம் சொல்லி அனுப்பிவிட்டார். வெள்ளிக்கிழமை நாலு மணிக்குப் பெண் பார்க்க வருகிறார்கள். மாப்பிள்ளையின் அம்மா சண்முகவடிவு அம்மாள் நேரில் கேட்பார். கேட்டால் வாய் பேச வேண்டும். பேசாவிட்டால் பிறவி என்பதும் தெரிந்துவிடும், பொய் சொன்னதும் தெரிந்துவிடும்.

“உண்மையைச் சொல்லிருவோம்” என்றேன்.

“ஏட்டி, ஒனக்கு வாதாட ஒரு விஷயம் கிடைச்சா போதும்” என்றாள் அத்தை. “எனக்கு இந்த ஆள் வேணும்.”

அதற்கு மேல் நான் அப்பா பக்கம் சேர்ந்துவிட்டேன், எனக்கு அது அடிக்கடி நடப்பதில்லை.

திட்டம் அப்பாவுடையது. அத்தை மூன்றாம் வகுப்பில் சைக்கிளிலிருந்து விழுந்தது உண்மை; அடிபட்டது முழங்காலில், தழும்பும் இருக்கிறது. அவள் முழங்காலை உயர்த்தி, அதன்மேல் தாடையை வைத்து உட்கார்ந்திருந்தால், கேள்வி கேட்கப்பட்டதும் முழங்கால் பதில் சொல்லும், கேட்பவர்களுக்கு வாய் சொல்வது மாதிரி இருக்கும். “உலகு, நீ இயற்பியல்தானே, சத்தம் எங்கேயிருந்து வருதுன்னு அவங்களுக்குத் தெரியுமா?” என்று கேட்டார். இரண்டு வருடப் படிப்பை இதற்காகப் பயன்படுத்த நேர்ந்ததே என்று வெட்கப்பட்டுக்கொண்டே, அரையடி வித்தியாசம் தெரியாது என்றேன்.

வெள்ளிக்கிழமை தரகரோடு வந்தார்கள். சண்முகவடிவு அம்மாள் சிறிய உருவம், முழுக்கை ரவிக்கை, நேராக உட்கார்ந்தார். அருணகிரி சார் அன்றைக்கும் கழுத்தில் பூதக்கண்ணாடியோடு வந்திருந்தார், கழற்ற மறந்துவிட்டாராம். அம்மா கேசரி வைத்தாள். காபி அடுப்படியில் பாத்திரத்தில் இருந்தது. அத்தை பட்டுச்சேலை கட்டி, ஒரு காலை மடக்கி ஒரு காலைக் குத்தவைத்து, முழங்காலில் தாடையை ஊன்றி, மழை எப்போது நிற்கும் என்று யோசிப்பவள் மாதிரி உட்கார்ந்தாள்.

“பொண்ணுக்கு வயித்துவலியா?” என்றார் சண்முகவடிவு அம்மாள்.

“பழக்கம்க்கா. யோசிக்கிற பிள்ளை” என்றார் அப்பா.

“அம்மா, கேட்க வேண்டாம்னு சொன்னேன்லா” என்று அருணகிரி சார் முணுமுணுத்தார்.

“நீ சும்மா இரு. பிறவின்னா பேரப்பிள்ளைக்கு வரும்லா?”

என்னால் பொறுக்க முடியவில்லை. “எல்லாப் பிழையும் வராதுங்கம்மா. அச்சுல பிழைன்னா அந்த அச்சுல அடிச்ச எல்லாக் காசுலயும் வரும். தகட்டுல பிழைன்னா அந்த ஒரு காசோட சரி.”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “அப்ப இது அச்சா, தகடா?”

இதை நான் எதிர்பார்க்கவில்லை. “அது... ஆய்வு பண்ணணும்” என்றேன்.

“அதுக்குத்தான் கேக்கேன்” என்று சொல்லிவிட்டு, தொண்டையைச் செருமி, வீடு முழுக்கக் கேட்கிற குரலில், “பிறவியா, பிறகா?” என்று கேட்டார்.

அத்தையின் முழங்கால் கணீரென்று ஆரம்பித்தது. “பிறகு. மூணாங் கிளாஸு, ஆனித் திருவிழா.” அப்பா கண்ணை மூடிக் கைகூப்பினார். “ஓட்டுனது சிதம்பரநாதன். பிரேக் பிடிக்கலைன்னு இவ சொன்னா, அவன் கேக்கலை. கோயில் தேர்ல போய் முட்டினான். அடிபட்டது நான் மட்டுந்தான். வாய்ல ஒரு கீறல் இல்லை.”

இப்படி ஒரு நேர்மையான முழங்காலை நாங்கள் எதிர்பார்க்கவில்லை. ஆனால் அப்பா அசடு வழிய நேரம் கிடைக்கவில்லை, ஏனென்றால் கேள்வி உரக்கக் கேட்கப்பட்டிருந்தது, எங்கள் வீட்டிலோ அடிபடாத பொருள் குறைவு. கேசரித் தட்டு, “பிறகு, தீபாவளி, இந்த உலகம்மை புஸ்தகத்தைத் தூக்கி எறிஞ்சா” என்றது. மின்விசிறி தன் வளைந்த இறக்கையைப் பற்றிச் சொல்லிக்கொண்டே சுற்றியது. சுவரின் விரிசல் பக்கத்து வீட்டு அஸ்திவாரத்தின்மேல் புகார் சொன்னது. டீவி ரிமோட் அழுதது. அப்பாவின் கால் பெருவிரல், என் நெற்றி, அம்மாவின் இட்லிக் கொப்பரை, தரகரின் முன்பல், அருணகிரி சாரின் இடது கட்டைவிரல் (“சிக்னல் பெட்டிக் கதவு. அன்னைக்கு இவன் இ-சேவை மையத்தையே நினைச்சுக்கிட்டு நின்னான்”) எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக, ஒன்றை ஒன்று முந்திக்கொண்டு, ரேஷன் கடை வரிசை மாதிரிப் பேசின. தெருவில் நின்றவர்கள் எங்கள் வீட்டில் பொதுக்கூட்டம் என்று நினைத்து உள்ளே எட்டிப்பார்த்தார்கள்.

பிறகு ஒவ்வொன்றாக ஓய்ந்தன. ஓய்ந்த பின்னால், எல்லாவற்றுக்கும் கடைசியாக, சண்முகவடிவு அம்மாளின் முழுக்கை ரவிக்கைக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. அவசரமில்லாத குரல்.

“பிறகு. கல்யாணம் ஆகி எட்டாவது மாசம். காபி ஆறிப்போச்சுன்னு இவ வீட்டுக்காரரு சொன்னாரு. இவ மறுபடி கொதிக்கவச்சுக் கொண்டுபோய்க் கொடுத்தா. டம்ளரோட எறிஞ்சாரு.”

அருணகிரி சார் தன் அம்மாவின் கையைப் பார்த்தார். “குக்கர் ஆவின்னுல்லா சொன்னே” என்றார்.

“குக்கர்னுதான் நானும் வச்சிருந்தேன்” என்றார் சண்முகவடிவு அம்மாள். “நாப்பது வருஷமா. போய்ச் சேர்ந்த மனுஷனை இப்ப என்னத்துக்கு.” ரவிக்கைக் கையை இன்னும் கொஞ்சம் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார். பிறகு நிமிர்ந்து அத்தையைப் பார்த்தார். அத்தை முழங்காலிலிருந்து தாடையை எடுத்துவிட்டு நேராக உட்கார்ந்திருந்தாள். வாய், ஒரு நூல் இடப்பக்கம் ஏறி, சிரிக்கப்போவது மாதிரி, இருந்த இடத்திலேயே இருந்தது. அவ்வளவு சத்தத்திலும் அது ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை.

சண்முகவடிவு அம்மாள் எழுந்து வந்து அத்தையின் வாயருகே காதை வைத்தார். ரொம்ப நேரம் வைத்திருந்தார்.

“ஒண்ணும் சொல்லலை” என்றார். “இத்தனை சாமான் இருக்கிற வீட்டுல, இதை ஒண்ணை யாரும் ஒண்ணும் செய்யலை, என்ன?” பிறகு மகனைப் பார்த்து, “ஒங்க சங்கத்துல எப்படிச் சொல்லுவியளோ, அப்படிச் சொல்லு அந்த வார்த்தையை” என்றார்.

“பிறவி” என்றார் அருணகிரி சார், நல்ல காசைப் பெட்டிக்குள் வைக்கும்போது சொல்கிற அதே குரலில்.

“பிறவி” என்றார் சண்முகவடிவு அம்மாள்.

“பிறவிதான்க்கா” என்றார் அப்பா, வேர்த்துப்போய். “பொய் சொல்லிட்டேன், மன்னிச்சுக்கிடுங்க.” அம்மா சொன்னாள். தரகர், உடைந்த பல்லோடு, சொன்னார். எட்டிப்பார்த்துக்கொண்டிருந்த தெருக்காரர்களில் இரண்டு பேர் கேட்காமலே சொன்னார்கள். வார்த்தை வலப்பக்கமாகச் சுற்றி என்னிடம் வந்து நின்றது. அம்மா காபிப் பாத்திரத்தோடு அடுப்படி வாசலில் நின்றாள், சங்கரபாண்டி அண்ணாச்சி நிற்கிற மாதிரியே.

“நான் ஒத்துக்க மாட்டேன்” என்றேன். “இத்தனை நாள் பிறவின்னு வேண்டாம்னிய, இன்னைக்குப் பிறவின்னு வேணுங்கிய. அத்தை என்ன காசா? அவளை மட்டும் சுத்தி உட்கார்ந்து வார்த்தை சொல்றோமே, அவ சொல்ல வேண்டாமா? கேள்வியே தப்பு. இதே வாய் பிறகு வந்ததா இருந்தா என்ன செஞ்சிருப்பிய?”

“அப்பவும் வந்திருப்பேன்” என்றார் அருணகிரி சார். “முகவரி இன்னும் தப்பாத்தான் இருக்கு.”

இது அவர் வாழ்க்கையில் சொன்ன இரண்டாவது நீளமான வாக்கியம். அத்தை எழுந்து நின்றாள். “சரி, நான் சொல்லுதேன்” என்றாள். “ஞாயித்துக்கிழமை அத்தனை பேரு முன்னால என்னைய இந்தப் பெட்டி அந்தப் பெட்டின்னு சொல்லப்படாது. வெல்வெட்டும் வேண்டாம், உண்டியலும் வேண்டாம். ஒங்க அம்மாவுக்கு இனிமே காபி நீங்க போடணும், ஆறிப்போனா அதை நீங்களே குடிக்கணும். சம்மதம்னா திங்கக்கிழமை மையத்துக்கு வாங்க, முகவரியச் சரியா அடிச்சுத் தாறேன்.”

“சம்மதம்” என்று சொன்னது அருணகிரி சார் இல்லை, சண்முகவடிவு அம்மாள்.

அப்போது அத்தை சிரித்தாள். அல்லது சிரிக்கவில்லை. அது எப்போதும்போல இருந்த வாய்தான் என்கிறார் அப்பா. வலப்பக்கமும் ஒரு நூல் ஏறியது, என் கண்ணால் பார்த்தேன் என்கிறேன் நான். பூதக்கண்ணாடி வழியாகப் பார்த்த ஒரே ஆள் அருணகிரி மாமா, அவர் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறார். தை மாதம் கல்யாணம் நடந்தது. மாசிக்குள் காசுகளும் குடங்களும் பேசி ஓய்ந்தன, துவாரபாலகர் பலகைகள் இரண்டும் தொங்குகின்றன, சங்கத்தில் மறுபடியும் கண்ணால் பார்த்து மணிக்கணக்கில் சண்டை போடுகிறோம். ஆனால் அன்றைக்கு அத்தை சிரித்தாளா இல்லையா என்ற கருத்து வேறுபாடு மட்டும் எங்கள் வீட்டில் தீரவில்லை. தீராததால் அந்த வெள்ளிக்கிழமைக் காபியை அம்மா இன்னும் யாருக்கும் ஊற்றவில்லை. அடுப்படி மேடையில் மூடி போட்டு இருக்கிறது. நேற்றுத் தொட்டுப் பார்த்தேன், இன்னும் சுடுகிறது. அப்பா ஒத்துக்கொண்டால் குடித்துவிடலாம்.